சுகப் பிரசவம் என்றால் சுகமாக இருந்தது என்று பொருளா?

பிள்ளை பெற்று வீடு திரும்பிய பெண்ணைப் பார்ப்பதற்குச் செட்டிநாட்டு உறவுக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் பழமுமாக வந்தால், முகப்பைத் தாண்டி வளவுக்குள் கால் வைப்பதற்கு முன்பே கேட்கும் முதல் கேள்வி "ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?" என்பது. அடுத்தது, "சுகப் பிரசவமா, ஆபரேஷனா?" என்பது. மூன்றாவதாகப் பிள்ளையின் எடையைக் கேட்பார்கள். மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் பேச்சு காப்பிக்கும், பிள்ளைக்கு யார் சாயல் என்பதற்கும் நகர்ந்துவிடும்.

இரண்டாவது கேள்வியில் இருக்கும் 'சுகம்' என்ற சொல்லைச் சற்றுக் கவனிக்க வேண்டும். நம் வழக்கில் அந்தச் சொல் பிள்ளை வந்த வழியைக் குறிக்கிறதே தவிர, பெற்றவளுக்கு அது எப்படி இருந்தது என்பதைக் குறிப்பதில்லை. இரவு முழுவதும் துணையின்றிக் கிடந்து, எதற்கென்று தெரியாமல் தையலும் போடப்பட்டு, இடையிடையே திட்டும் வாங்கிப் பெற்றவளுக்கும் அது சுகப் பிரசவம்தான். என்ன காரணத்துக்காக ஆபரேஷன் என்று பொறுமையாக விளக்கப்பட்டு, பயம் தெளிந்து மேசைக்குப் போனவளுக்கு அந்தச் சொல் கிடைப்பதில்லை.

மருத்துவமனைகளின் தரத்தைப் பற்றி எழுதுவோர் 'பிரசவ அனுபவத்தில் தாயின் மனநிறைவு' என்று குறிப்பிடுவது, சொல்லுக்கும் அனுபவத்துக்கும் இடையில் உள்ள இந்த இடைவெளியைத்தான். தொடரைக் கேட்டவுடன் ஓட்டலில் சாப்பிட்டு முடித்தவரிடம் நீட்டும் கருத்துச் சீட்டு நினைவுக்கு வரலாம். ஏசி அறையும், சுவரில் தொலைக்காட்சியும், வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் தரும் பூங்கொத்தும்தான் இதில் அளக்கப்படுகின்றன என்றும் தோன்றலாம். உண்மையில் அவற்றுக்கு இதில் இருக்கும் பங்கு மிகச் சிறியது.

தொடக்கத்திலேயே மூன்று விஷயங்களைத் தனித்தனியே பிரித்துக்கொள்வது நல்லது. பிரசவத்தின் விளைவு என்பது தாயும் சேயும் நலமா, ரத்தப்போக்கு எவ்வளவு, குழந்தை உடனே அழுததா என்பன போன்றவை. இவை கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டுவிடும். அனுபவம் என்பது உள்ளே இருந்த நேரத்தில் அவளுக்கு நடந்தவை: எவ்வளவு நேரம் காத்திருந்தாள், பக்கத்தில் யார் இருந்தார்கள், பரிசோதிக்கும்போது திரையை இழுத்து மூடினார்களா, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தார்களா, கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொன்னார்களா. மனநிறைவு என்பதோ, அந்த அனுபவத்தைத் தான் எதிர்பார்த்ததோடும் தனக்கு நியாயம் என்று பட்டதோடும் வைத்துப் பார்த்து அவள் மனத்துக்குள் எழுதும் தீர்ப்பு. ஆகவே விளைவு நன்றாக இருந்தும் மனநிறைவு இல்லாமல் போகலாம். சிக்கல் வந்தும் மனநிறைவு இருக்கலாம். அனுபவம் மோசமாக இருந்தும், அதைவிட நன்றாக நடக்கக்கூடும் என்பதே தெரியாததால், ஒருத்தி 'எனக்குத் திருப்திதான்' என்று சொல்லிவிடலாம். கடைசியாகச் சொன்னது சிக்கலான இடம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பேச்சு இப்போது எழுவதற்குக் காரணம் உண்டு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் இரண்டாம் கட்டை ஒட்டிய ஓர் அறையில், மருத்துவச்சியை வைத்துப் பிள்ளை பெற்ற கதையை இன்று மிக முதிய ஆச்சிமார்கள்தான் சொல்ல முடியும். 2019–21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடந்தன. பிறப்பு இறப்புகளைக் கணக்கெடுக்கும் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2018–20க்கான கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு தமிழ்நாட்டில் 54 ஆகவும், இந்தியா முழுவதற்கும் 97 ஆகவும் இருந்தது. பிழைப்போமா என்ற அச்சமே பெரிதாக இருந்த காலத்தில், உள்ளே எப்படி நடத்தினார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. அந்த அச்சம் பெருமளவு குறைந்த பிறகுதான் இந்தக் கேள்விக்கு இடம் கிடைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்பு வழிகாட்டியின் தலைப்பிலேயே 'நல்ல பிரசவ அனுபவம்' என்பதைக் குறிக்கோளாக வைத்து, அதன்கீழ் 56 பரிந்துரைகளைத் தொகுத்தது.

எங்கள் உறவில் ஒன்றுவிட்ட அக்காளும் தங்கையும் ஓராண்டு இடைவெளியில், காரைக்குடியைச் சுற்றியுள்ள இரு வேறு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்றார்கள். அக்காளுக்குச் சுகப் பிரசவம். பிள்ளை மூன்று கிலோ. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூன்று மாதம் கழித்து அவள் என்னிடம் சொன்னது வேறு கதையாக இருந்தது. நடு இரவில் ஒருவர் மாற்றி ஒருவராக வந்து உள் பரிசோதனை செய்தார்கள். ஒருவரும் தன் பெயரையோ, எதற்காகப் பார்க்கிறேன் என்பதையோ சொல்லவில்லை. "ரெண்டு விரல் திறந்திருக்கு, மூணு விரல் திறந்திருக்குன்னு அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. என்கிட்ட ஒருத்தரும் சொல்லலை. நான் அங்க இருந்தேனா இல்லையான்னே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு" என்றாள். வலி தாங்காமல் கத்தியபோது அவள் காதில் விழுந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. லேபர் வார்டுக்குப் போய் வந்த பெண்களுக்கு அது எந்த வகை வார்த்தை என்று தெரியும்.

தங்கைக்கு அவசர சிசேரியன். வலி வரும்போதெல்லாம் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்பதைப் பணியில் இருந்த மருத்துவர் இயந்திரத்திலிருந்து வந்த தாளைக் காட்டியே அவளுக்கு விளக்கினார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சற்று நேரம் பார்ப்போம், சரியாகாவிட்டால் ஆபரேஷன்தான் என்று முன்கூட்டியே சொன்னார். சரியாகவில்லை. தியேட்டர் வாசல்வரை அவளுடைய அம்மா கூடவே வந்தார். தையல் வலியோடு பத்து நாள் கிடந்தவள்தான். ஆனால் அந்த இரவைப் பற்றிக் கேட்டால் இன்றும் அவள் முகம் சுருங்குவதில்லை.

வலியும் அறுவையும் மனநிறைவைத் தீர்மானிப்பதில்லை என்பது இந்த இருவரின் கதையோடு முடிகிற விஷயம் அன்று. கனடாவின் செவிலியர் ஆய்வாளர் எலன் ஹாட்னெட், பிரசவ வலி, வலி நிவாரணம், தாயின் மனநிறைவு ஆகியவற்றைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளை எல்லாம் ஒருங்கே வைத்து ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மனநிறைவை முதன்மையாக வடிவமைப்பவை நான்கு என்று அவர் கண்டார்: தாயின் எதிர்பார்ப்பு, பராமரிப்பவர்களிடமிருந்து கிடைக்கும் ஆதரவின் அளவு, அவர்களோடு அவளுக்கு அமையும் உறவின் தன்மை, முடிவெடுப்பதில் அவளுக்கு இருக்கும் பங்கு. இந்த நான்கின் வலிமைக்கு முன்னால் வயது, பொருளாதார நிலை, பிரசவ அறையின் வசதி, வலியின் கடுமை, மருத்துவத் தலையீடுகள் ஆகியவை எல்லாம் பின்னுக்குப் போய்விடுகின்றன. வலி ஒரு பொருட்டே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வலி நிவாரணம் கேட்ட பெண்ணுக்கு அதை மறுப்பதும் ஆதரவின்மைதான். வலி குறைந்தாலே மனநிறைவு தானாக வந்துவிடாது, வலி இருப்பதாலேயே அது போய்விடவும் செய்யாது என்பதே அந்த முடிவின் சாரம்.

எனக்கு இதில் ஒரு சிறு மறுப்பு உண்டு. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வசதியான நாடுகளில் நடந்தவை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கும், குழாயில் தண்ணீர் வரும், ஆளுக்கொரு கட்டில் உண்டு என்பவற்றை அங்கே யாரும் கேள்வியாகவே எழுப்புவதில்லை. ஒரே கட்டிலை இருவர் பங்கிட்டுக்கொள்ளும் வார்டில், பச்சை உடம்புக்காரி ஒருத்தி தண்ணீருக்காக வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் இடத்தில், அறையின் வசதி பின்னுக்குப் போய்விடாது. அடிப்படை நிறைவேறிய பிறகுதான் மற்ற நான்கும் முன்னுக்கு வருகின்றன என்று அதைத் திருத்தி வாசிப்பதே நமக்குப் பொருந்தும்.

நான்கில் எதிர்பார்ப்பு என்பதை எடுத்துக்கொண்டால், அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்ட முதல் பிரசவமே போதும். காலையில் வலி எடுத்தால் சாயங்காலம் பிள்ளை கையில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒரு பெண் மருத்துவமனைக்குப் போகிறாள். பிரசவத்தின் தொடக்கக் கட்டம், அதாவது கர்ப்பப்பை வாய் மெல்ல மெல்லத் திறக்கத் தொடங்கும் கட்டம், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்குத் திட்டமான வரையறை கிடையாது; ஒரு நாளைத் தாண்டியும் போகலாம். ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகு தொடங்கும் தீவிரக் கட்டமே முதல் பிரசவத்தில் பன்னிரண்டு மணி நேரம்வரை நீடிப்பது இயல்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் திறந்தே தீர வேண்டும் என்ற பழைய கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்றும் அதே வழிகாட்டி கூறுகிறது. இதை எட்டாம் மாதச் செக்கப்பிலேயே யாராவது அவளுக்கு விளக்கியிருந்தால், 'இது சூட்டு வலிதான், வீட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வாம்மா' என்று திருப்பி அனுப்பும்போது அவள் தன்னை உதாசீனப்படுத்திவிட்டார்கள் என்று நினைக்க மாட்டாள். விளக்காமல் விட்டால், அதே வார்த்தை துரத்தியடிப்பதாகக் கேட்கும். செயல் ஒன்றுதான், எதிர்பார்ப்பு வேறாக இருப்பதால் தீர்ப்பும் வேறாகிறது.

அடுத்தது ஆதரவு; அதில் முதலில் வருவது துணை. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பொருளில் மிகவும் வலுவான ஆதாரம் உள்ள இடம் இதுதான். பிரசவ நேரம் முழுவதும் ஒருவர் தொடர்ந்து கூடவே இருப்பதால் என்ன பயன் என்று ஆராய்ந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2017இல் புதுப்பிக்கப்பட்டது. அதில் 26 ஆய்வுகள், 15,000க்கும் மேற்பட்ட பெண்கள். துணை இருந்த பெண்களில் இயல்பான பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, பிரசவ நேரம் சற்றுக் குறுகியது, பிரசவத்தைக் கசப்போடு நினைவுகூர்பவர்களின் எண்ணிக்கையும் குறைந்தது. மருந்து எதுவும் இல்லாமல் இத்தனையும் நடக்கின்றன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டம் 2004இலேயே தொடங்கப்பட்டது; இந்திய அரசு 2016இல் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதித்தது. அந்த நெறிமுறையின்படி, ஏற்கெனவே பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண் உறவினர் துணையாக இருப்பது விரும்பத்தக்கது. மற்ற பெண்களின் மறைவுக்குக் குந்தகம் வராதபடி அறை அமைந்திருக்கும் இடத்தில் கணவரும் இருக்கலாம்.

இந்த வட்டாரத்தில் அந்தத் துணை யார் என்ற கேள்விக்கே ஒரு தனி அரசியல் உண்டு. முதல் பேறுகாலம் தாய் வீட்டில் என்பதால் பெரும்பாலும் பெண்ணின் அம்மா கூட வருவார். அயித்தை, அதாவது மாமியார், ஒரு பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கணவர் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருந்தபடி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கைப்பேசியில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள் என்று சிஸ்டர் வந்து சொல்லும்போது, யார் போவது என்று வெளியே இருப்பவர்கள் தங்களுக்குள் முடிவு செய்துவிடுகிறார்கள். படுத்திருப்பவளிடம் கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 'துணை' என்று மட்டும் சொல்லவில்லை. 'அவள் விரும்பும் துணை' என்று சொல்கிறது. தன் அயித்தைக்கு முன்னால் கத்தக் கூசி உதட்டைக் கடித்துக்கொண்டே நேரத்தைத் தள்ளிய பெண்ணை எனக்குத் தெரியும். அம்மா அழுவதைப் பார்க்க முடியாமல், அம்மாவுக்குப் பதிலாக அயித்தையைக் கேட்டு வாங்கிய பெண்ணையும் தெரியும்.

துணையாகப் போகிறவருக்கு உள்ளே வேலையும் இருக்கிறது. இடுப்பைத் தேய்த்துவிடுவது, வாய் நனையத் தண்ணீர் கொடுப்பது, வலி இறங்கும் இடைவேளையில் எழுந்து நாலு அடி நடக்கக் கைகொடுப்பது, டாக்டர் சொன்னதைத் திரும்ப ஒரு முறை அவளுக்குப் புரியும்படி சொல்வது ஆகியவை அந்த வேலையில் சேர்ந்தவை. "நாங்கள்லாம் ஏழு பெத்தோம், இப்படியா கத்துனோம்" என்று ஆரம்பிப்பவர் வெளியே நாற்காலியில் இருப்பதே நல்லது.

மூன்றாவதான உறவும் நான்காவதான முடிவெடுக்கும் பங்கும் நடைமுறையில் ஒன்றோடொன்று பின்னியே வருகின்றன. தமிழில் ஒருவரை எப்படி விளிக்கிறோம் என்பதிலேயே பாதி உறவு தீர்மானமாகிவிடுகிறது. வாசலில் காத்திருக்கும் கணவரை 'வாங்க சார்' என்பவர், உள்ளே படுத்திருக்கும் மனைவியிடம் 'ஏய், காலை விரி' என்றால், அந்த ஒருமை பல ஆண்டுகள் காதில் நிற்கும். அதற்காக ஒருமையில் பேசுவதெல்லாம் அவமரியாதை என்று சொல்ல வரவில்லை. நள்ளிரவில் நெற்றியைத் துடைத்துவிட்டு, "பயப்படாதத்தா, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று சொன்ன வார்டு ஆயாம்மாவின் முகத்தை, டாக்டரின் பெயரையே மறந்துபோன பெண்களும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இரவுப் பணியில் ஒரே சிஸ்டர் நான்கு கட்டில்களைப் பார்க்க வேண்டியிருக்கும்போது, எல்லாரிடமும் நின்று பேச நேரம் இருக்காது என்பதும் உண்மை. ஆனால் 'இப்போது உள்ளே பரிசோதிக்கப் போகிறேன், சற்று அழுத்தமாக இருக்கும், முடிந்ததும் சொல்கிறேன்' என்ற வாக்கியத்துக்கு ஐந்து வினாடிக்கு மேல் ஆகாது.

அந்த ஐந்து வினாடியில்தான் முடிவெடுக்கும் பங்கும் அடங்கியிருக்கிறது. பங்கு என்றால் மருத்துவம் படிக்காதவள் மருத்துவருக்குக் கட்டளையிடுவது என்று சிலர் எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்யப் போகிறார்கள், ஏன், வேறு வழி உண்டா என்று அவளுக்குச் சொல்லி, அவள் தலையசைக்கக் காத்திருப்பதுதான் பங்கு. தீவிரக் கட்டத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை உள் பரிசோதனை போதும்; எல்லாருக்கும் வழக்கமாக எனிமா கொடுப்பதும், மழித்துவிடுவதும், பிறப்புவாயை வெட்டித் தையல் போடுவதும், வயிற்றை அழுத்திப் பிள்ளையைத் தள்ளுவதும் தேவையில்லை; அவள் நடக்கலாம், ஆபத்தில்லாத பிரசவமானால் குடிக்கலாம், சாப்பிடலாம், தனக்கு வசதியான நிலையில் இருந்து முக்கலாம் என்றெல்லாம் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்வது, மருத்துவ நியாயத்தோடு இந்த நியாயத்தையும் சேர்த்துத்தான். 2020இல் அதே நிறுவனம் வெளியிட்ட பிரசவப் பதிவுத் தாளில், குழந்தையின் இதயத்துடிப்பையும் தாயின் ரத்த அழுத்தத்தையும் குறிக்கும் கட்டங்களோடு, துணை இருக்கிறாரா, வலி நிவாரணம் கொடுக்கப்பட்டதா, ஏதாவது குடித்தாளா, எந்த நிலையில் இருக்கிறாள் என்று குறிக்கவும் நான்கு வரிசைகள் இருக்கின்றன. குறித்தே ஆக வேண்டிய கட்டம் என்று ஒன்று வந்துவிட்டால் மருத்துவமனை அதைப் பார்த்தே ஆக வேண்டும். நல்ல மனம் படைத்த ஒரு சிஸ்டரின் பணி நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் பிரசவத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் சிசேரியன் எண்ணிக்கையிலேயே நின்றுவிடுகிறது. எண்ணிக்கை கவலைக்குரியதுதான்: மேலே சொன்ன கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. ஆனால் அந்த எண், அறுக்கப்பட்டவளிடம் காரணம் சொல்லப்பட்டதா என்பதைச் சொல்லாது. அறுக்கப்படாதவள் எப்படி நடத்தப்பட்டாள் என்பதையும் சொல்லாது.

இனி, முன்பு தள்ளி வைத்த வழுக்கலான இடத்துக்கு வருவோம். மனநிறைவை எப்படி அளப்பது?

பிள்ளை பிறந்த மறுநாள், வார்டில், அதே மருத்துவமனையின் ஊழியர் ஒருவர் கையில் தாளோடு வந்து "எல்லாம் நல்லா கவனிச்சாங்களாம்மா?" என்று கேட்டால் வரும் பதில் அநேகமாக ஒன்றுதான். தையல் பிரிக்க இவர்களிடம்தான் வரவேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டு இவர்கள் கையில்தான் இருக்கிறது. தவிர, பிள்ளை நலமாக மடியில் கிடக்கும்போது பிறக்கும் நிம்மதி, நடந்தது எல்லாவற்றின் மீதும் ஒரு வெளிச்சத்தைப் பூசிவிடுகிறது; அது மங்கச் சில வாரங்கள் ஆகும். வேறொரு மனப்போக்கும் உண்டு: தனக்கு எது நடந்ததோ அதுவே நல்ல முறையாக இருக்க வேண்டும் என்று தாய்மார்கள் எடுத்துக்கொள்வதை 1984இலேயே மோரீன் போர்ட்டர், சாலி மேக்கின்டையர் என்ற இரு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். இந்த மூன்றும் சேர்வதால்தான், 'திருப்தியா?' என்ற ஒற்றைக் கேள்விக்கு எங்கே கேட்டாலும் பெரும்பான்மைப் பதில் 'திருப்தி' என்றே வருகிறது.

அதனால்தான் ஆய்வாளர்கள் ஒற்றைக் கேள்வியை விட்டுவிட்டுக் கேள்வித் தொகுப்புகளை உருவாக்கினார்கள். அவற்றுள் பரவலாகப் பயன்படும் ஒன்றில் பத்து வாக்கியங்கள் இருக்கின்றன. பராமரிப்பின் தரம், தாய் தன்னைத் தானே எவ்வளவு சமாளித்ததாக உணர்கிறாள், எவ்வளவு பதற்றத்துக்கு ஆளானாள் என்ற மூன்று பகுதிகளைச் சேர்ந்த அவ்வாக்கியங்களுக்கு அவள் எவ்வளவு உடன்படுகிறாள் என்பதைக் கொண்டு 0 முதல் 40 வரை மதிப்பெண் வரும். ஆனாலும், தொகுப்பை விட முக்கியம் கேள்வியின் வாக்கியம் என்பேன். 'உங்களைப் பற்றிய முடிவுகளில் உங்களுக்குப் பங்கு அளிக்கப்பட்டதா?' என்று கேட்டால் கண்டனூர்ப் பெண் விழிப்பாள். 'தையல் போடுவதற்கு முன் உங்களிடம் சொன்னார்களா?' என்று கேட்டால் ஆம், இல்லை என்று தெளிவாகச் சொல்வாள். 'பிள்ளையைக் காட்டக் காசு கேட்டார்களா?' என்று கேட்டால் சற்றுத் தயங்கிவிட்டுச் சொல்வாள். கேட்காவிட்டால் சொல்லவே மாட்டாள்.

பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த இந்திய அரசு 2017 டிசம்பரில் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டம், குறைந்தது 80 விழுக்காட்டுத் தாய்மார்கள் திருப்தியாக இருக்க வேண்டும் என்பதையும் ஓர் இலக்காக வைத்திருக்கிறது. 2019இல் வந்த 'சுமன்' திட்டம் மரியாதையான, கட்டணமில்லாத பராமரிப்பை உறுதியாகத் தருவதாகச் சொல்கிறது. நோயாளிகளின் கருத்தைத் தொகுக்க 'மேரா அஸ்பதால்', அதாவது 'என் மருத்துவமனை', என்ற ஏற்பாடு 2016 முதல் குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு, கைப்பேசிச் செயலி வழியாக இயங்குகிறது. நல்ல ஏற்பாடுதான். பதிவுச் சீட்டில் எழுதிக்கொடுக்கிற எண் பல வீடுகளில் கணவருடையது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். லேபர் வார்டின் வாசலைத் தாண்டாத ஒருவர், லேபர் வார்டைப் பற்றி எண்ணை அழுத்திப் பதில் சொல்லிவிடுவார்.

தமிழில் 'பிரசவ வைராக்கியம்' என்று ஒரு சொல் உண்டு. வலியின் உச்சத்தில் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சபதம் செய்கிறவள், பிள்ளை முகத்தைப் பார்த்ததும் அதை மறந்துவிடுவாள் என்பது அதன் உட்பொருள். நிலையில்லாத உறுதிக்கு உவமையாகவே அதை வைத்துவிட்டோம். வலியைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கலாம். மற்றவற்றில் இல்லை. அமெரிக்காவின் பிரசவக் கல்வியாளர் பென்னி சிம்கின், பிள்ளை பெற்றுப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆன இருபது பெண்களின் நினைவுகளை, அவர்கள் பிரசவத்தை அடுத்து எழுதிய குறிப்புகளோடு ஒப்பிட்டு 1990களின் தொடக்கத்தில் வெளியிட்டார். நினைவுகள் பெரும்பாலும் துல்லியமாக இருந்தன. மருத்துவரும் செவிலியரும் சொன்ன வார்த்தைகள் அப்படியே நின்றன. பிரசவத்தை நிறைவோடு நினைத்தவர்கள், தாங்கள் ஏதோ சாதித்ததாகவும், தங்கள் கட்டுப்பாட்டில் விஷயம் இருந்ததாகவும் உணர்ந்தவர்கள். மறந்துவிடுவாள் என்று நாம் நினைப்பது, அவளிடம் நாம் கேட்பதில்லை என்பதால்தான்.

கசப்பான அனுபவம் நினைவோடு நிற்பதும் இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, அந்த இரவு கனவில் திரும்பத் திரும்ப வரும் அதிர்ச்சி, அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடுவது அல்லது 'நேரே ஆபரேஷனே பண்ணிருங்க' என்று கேட்பது ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. பிள்ளை பெற்றவள் காரணமில்லாமல் அழுதால் இங்கே திருஷ்டி சுற்றிப் போடுகிறார்கள். சுற்றிப் போடுவதில் கெடுதல் ஒன்றுமில்லை. அத்தோடு, அன்று உள்ளே என்ன நடந்தது என்று ஒரு முறை கேட்டும் பார்க்கலாம்.

எப்போது கேட்பது என்பதில் ஒரு கருத்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டென்றால், பேறுகாலம் முடியும் 42ஆம் நாளுக்குப் பிறகு, வீட்டில் வைத்து, பிள்ளை தூங்கும் நேரமாக, அம்மாவும் அயித்தையும் பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும். 'திருப்தியா?' என்று கேட்கக் கூடாது. அக்காளிடம் நான் கேட்டது, "அன்னைக்கு நடந்ததுல உனக்கு விளங்காமலே போனது ஏதாவது இருக்கா?" என்பது. உள் பரிசோதனையைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் அதற்குப் பின்தான் வந்தது. எல்லாம் சொல்லி முடித்தபின், "எனக்கு எதுக்குத் தையல் போட்டாங்க, எத்தனை போட்டாங்கன்னு யாருகிட்டயாவது கேட்டுச் சொல்ல முடியுமா?" என்றாள். டிஸ்சார்ஜ் சீட்டு அவள் பீரோவிலேயே, பிள்ளையின் தடுப்பூசி அட்டைக்கு அடியில் இருந்தது. எடுத்துப் பார்த்தோம். தையல் போட்ட விவரம் ஒரே வரியில், ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் இருந்தது. ஏன் போட்டார்கள் என்பது அதிலும் இல்லை.